பத்து வினாடிப் படமும் பதினெட்டுக் குழி ஆட்டமும்

கோல்ஃப் ஆட்டத்தை உங்களில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பீர்கள்? நம் நாட்டுக்கு இது புதிய ஆட்டமல்ல. கொல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கோல்ஃப் கிளப் ஏற்பட்டுவிட்டது. பிரிட்டனுக்கு வெளியே உள்ளவற்றுள் மிகப் பழையது அதுதான். உதகையிலும் கொடைக்கானலிலும் பழைய கோல்ஃப் மைதானங்கள் உண்டு. ஆனால் புதுச்சேரியில் ஒரு கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டுப் பார்த்த பள்ளி மாணவரைத் தேடிக் கண்டுபிடிப்பது சற்றுச் சிரமமே.

அப்படியிருந்தும் இங்குள்ள மாணவர்கள் கோல்ஃப் பற்றி விவரமாகப் பேசுகிறார்கள். செல்போன்தான் காரணம். யூடியூபில் கோல்ஃப் ஆடிக் காட்டுவோர் இன்று உலகெங்கும் பெருகிவிட்டார்கள். அவர்களில் போட்டிகளில் வென்ற வீரர்களும் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்த சுமாரான ஆட்டக்காரர்களும் உண்டு. "சார், இவர் அடிக்கிற பந்தெல்லாம் குழிக்குப் பக்கத்திலேயே போய் விழுகிறதே, இவர் உலகப் போட்டிக்குப் போனால் ஜெயிப்பாரா?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. படத்தை மட்டும் பார்த்து ஒருவருடைய திறமையை அளக்க முடியுமா? கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் நிகழ்தகவும் தெரிந்தால் ஓரளவு முடியும். நம் ஊர் பெத்தாங் ஆட்டமும் இதில் நமக்குத் துணை செய்யும். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நிறை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அது விழ வேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஒரு மைதானத்தில் இத்தகைய குழிகள் 18 இருக்கும். தொடங்கும் இடத்துக்கும் குழிக்கும் இடையே நூறு மீட்டரும் இருக்கலாம், ஐந்நூறு மீட்டரும் இருக்கலாம். எல்லாக் குழிகளையும் முடிக்க மிகக் குறைந்த அடிகள் எடுத்துக்கொள்பவரே வெற்றி பெற்றவர். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு இத்தனை அடிகள் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். பெரும்பாலான முழு மைதானங்களில் இது 72 அல்லது அதை ஒட்டி இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். ஒருவர் பத்துக்கு ஒரு முறைதான் ஒரு கடினமான அடியைச் சரியாக அடிப்பார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காமிராவை நிறுத்திவிட்டு இருபது முறை அடித்துப் பார்க்கிறார். ஒரு முறை தவறுவதற்கான நிகழ்தகவு 0.9. இருபது முறையும் தவறுவதற்கான நிகழ்தகவு 0.9-ஐ இருபது தடவை பெருக்கினால் வருவது, அதாவது ஏறத்தாழ 0.12. எனவே ஒரு தடவையாவது சரியாக விழுவதற்கான வாய்ப்பு 88 சதவீதம்! அரை மணி நேர உழைப்பில் ஓர் அற்புதமான பத்து வினாடிப் படம் கிடைத்துவிடும். மற்ற பத்தொன்பது அடிகள் நம் கண்ணுக்கே வருவதில்லை. படத்தில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பந்து உண்மையாகவே விழுந்தது. வகுத்தலில் மேலே உள்ள எண்ணைக் காட்டிவிட்டுக் கீழே உள்ள எண்ணை மறைத்தது போன்றது இது.

கீழே உள்ள எண்ணையும் மறைக்காமல் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். பிரைசன் டிசாம்போ என்ற அமெரிக்க வீரர். கல்லூரியில் இயற்பியலைப் பாடமாக எடுத்துப் படித்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் சற்றுப் பாசம் அதிகம். 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் யு.எஸ். ஓப்பன் பட்டத்தை வென்றவர். யூடியூபிலும் பெயர் பெற்றவர். 2024 நவம்பரில் அவர் ஒரு விளையாட்டுச் சவாலைத் தொடங்கினார். தன் வீட்டின் கூரைக்கு மேலாகப் பந்தை அடித்து, மறுபக்கத்தில் உள்ள குழியில் ஒரே அடியில் விழச் செய்ய வேண்டும். முதல் நாள் ஒரு முயற்சி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று கூட்டிக்கொண்டே போனார். பதினாறாம் நாள், பதினான்காவது முயற்சியில் பந்து குழியில் விழுந்தது.

மொத்தம் எத்தனை அடிகள்? 1 முதல் 15 வரையிலான எண்களின் கூட்டுத்தொகை 15 × 16 ÷ 2 = 120. அதனுடன் 14 சேர்த்தால் 134. உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர் 133 முறை தவறினார், 134-ஆவது முறை வென்றார். கடைசி அடியை மட்டும் நாம் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்போம்?

குழிக்கு அருகில் வந்தபின் பந்தைத் தரையோடு உருட்டி விடும் அடிக்குப் 'பட்' என்று பெயர். இதில் வல்லுநர்கள் எப்படி? 2.4 மீட்டர் தூரத்திலிருந்து உருட்டினால் அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் ஏறக்குறைய பாதி தடவைதான் குழியில் விழச் செய்கிறார்கள். ஆறு மீட்டர் தூரமென்றால் ஏழில் ஒரு தடவை. பல ஆண்டுகளாகப் போட்டிகளில் ஒவ்வோர் அடியையும் அளந்து பதிவு செய்ததில் கிடைத்த கணக்கு இது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இத்தகைய பதிவுகளைக் கொண்டு, எந்த அடி எவ்வளவு லாபம் தந்தது என்று கணக்கிடும் முறையை வகுத்தார். ஆகவே ஒரு படத்தில் ஆறு மீட்டர் பட் நான்கு முறை அடுத்தடுத்து விழுந்தால் நீங்கள் ஆட்டக்காரரை வியப்பதற்கு முன் கத்தரிக்கோலை நினைத்துக்கொள்ள வேண்டும். ஏழில் ஒன்று என்பது நான்கு முறை தொடர்ந்து நிகழும் வாய்ப்பு 2401-இல் ஒன்றுதான்!

சரி, படத்தின் மூலையில் எண்கள் ஓடுகின்றனவே, அவற்றை நம்பலாமா? மட்டையின் வேகம், பந்தின் வேகம், பறந்த தூரம் என்றெல்லாம் காட்டுகிறார்கள். ரேடார் முறையிலோ காமிரா முறையிலோ அளக்கும் கருவிகள் உண்மையாகவே உள்ளன. எண்கள் சரியா என்று சோதிக்க உங்கள் பாடப்புத்தகத்து மோதல் கணக்கு போதும். மட்டைத் தலையின் நிறை சுமார் 200 கிராம். பந்து 46 கிராம். மோதலில் எவ்வளவு வேகம் திரும்பக் கிடைக்கிறது என்பதைக் காட்டும் மீட்சிக் குணகம் 0.83-ஐத் தாண்டும்படி மட்டை செய்யக் கூடாது என்பது விதி. உந்த அழிவின்மை விதியைப் போட்டுப் பாருங்கள். மட்டையின் வேகத்தைப்போல் பந்தின் வேகம் எத்தனை மடங்கு என்பது 1.83 × 200 ÷ 246 என்று வரும். அதாவது சுமார் 1.49 மடங்கு. எவ்வளவு பலசாலியானாலும் சட்டத்துக்கு உட்பட்ட மட்டையில் இது ஒன்றரை மடங்கைத் தாண்டாது. மட்டை வினாடிக்கு 45 மீட்டர், பந்து 80 மீட்டர் என்று ஒரு படம் காட்டினால் கருவியில் கோளாறு, அல்லது காட்டுபவரிடம் கோளாறு.

தூரத்தைச் சோதிப்பது இவ்வளவு எளிதல்ல. தொழில்முறை ஆண் வீரர்களின் முதல் அடியில் பந்து சுமார் வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில், 11 டிகிரி கோணத்தில் கிளம்புகிறது. எறிபொருள் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால் 215 மீட்டர் தூரம் கிடைக்கும். காற்று தடுப்பதால் உண்மையில் இன்னும் குறைவாகத்தானே பறக்க வேண்டும்? ஆனால் பந்து சுமார் 250 மீட்டர் பறந்து விழுகிறது! காற்று தடுக்கத்தான் செய்கிறது. கிளம்பும்போது காற்றுத்தடை பந்தின் எடையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பந்து வினாடிக்கு நாற்பது முறைக்கு மேல் பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போகிறது. அச்சுழற்சி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது; காற்று பந்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதுவே மேக்னஸ் விளைவு. பந்தின் மேலுள்ள சிறு பள்ளங்களும் தடையைக் குறைத்து இதற்கு உதவுகின்றன. வழவழப்பான பந்தாக இருந்தால் பாதி தூரம் போவதே பெரிது.

ஆகவே தூரம் என்பது காற்றையும் பொறுத்தது. கடல்மட்டத்திலிருந்து 2100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி நம் புதுச்சேரிக் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே அதே அடி சில சதவீதம் கூடுதலாகப் போகும். மலை மைதானத்தில் எடுத்த படத்தைக் கொண்டு "என் அடியின் தூரத்தைப் பார்" என்று மார்தட்டுகிறவரிடம் காற்றழுத்தமானியைக் காட்டிக் கேட்க வேண்டும்.

அது போகட்டும். நீண்ட தூரம் அடிப்பதுதான் திறமையா? 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்கு நாள் ஆட்டத்தில் பாருக்கு 15 அடிகள் குறைவாக ஆடி நான்காம் இடம் பெற்றார். ஒரே ஓர் அடியில் பதக்கம் போயிற்று. களத்தில் இருந்த அறுபது பேரில், முதல் அடியின் தூரத்தில் அவர் கடைசி வரிசையில் இருந்தவர். பிறர் அவரைவிடப் பல மீட்டர் முன்னால் அடித்தார்கள். குழிக்கு அருகில் வந்ததும் அவர் பட்டிங்கில் எல்லாவற்றையும் ஈடுகட்டினார். நீண்ட அடிகளை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு படம் தயாரித்தால் அதில் அதிதி அசோக்குக்கு இடமே கிடைத்திருக்காது.

இனி முழு ஆட்டத்தையும் காட்டும் படங்களுக்கு வருவோம். "இன்று நான் 80 அடிகளில் முடித்தேன்" என்கிறார் ஒருவர். எந்த மைதானத்தில் என்று கேட்க வேண்டும். 2020 முதல் உலக நாடுகள் ஒரே ஹேண்டிகேப் முறையைக் கையாளத் தொடங்கின. இதன்படி ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எத்தனை அடிகளில் முடிப்பார் என்பது 'கோர்ஸ் ரேட்டிங்'. சாதாரண ஆட்டக்காரரை அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகப் படுத்தும் என்பது 'ஸ்லோப்'. நடுத்தர மைதானத்துக்கு இது 113. எடுத்த அடிகளிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். ரேட்டிங் 70, ஸ்லோப் 113 உள்ள மைதானத்தில் 80 அடித்தால் விடை 10. ரேட்டிங் 74, ஸ்லோப் 140 உள்ள மைதானத்தில் அதே 80 அடித்தால் விடை 4.8. இரண்டு பேரும் 80 என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டாமவர் பலபடி மேலானவர்.

ஒருவருடைய கடைசி இருபது ஆட்டங்களில் இந்த விடை மிகக் குறைவாக வந்த எட்டை எடுத்துச் சராசரி காண்பார்கள். அதுவே அவருடைய ஹேண்டிகேப் எண். இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? மோசமான பன்னிரண்டு ஆட்டங்களை இந்த முறையும் ஒதுக்கிவிடுகிறது! அதனால்தான் ஹேண்டிகேப் 10 என்று சொல்பவர் சாதாரணமான ஒரு நாளில் அதைத் தாண்டியே அடிக்கிறார். ஆனால் இங்கே இருபதில் எட்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. படம் எடுப்பவரோ எத்தனையில் எத்தனை என்று சொல்வதில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

வேறு சில சலுகைகளும் உண்டு. குழிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்ற பந்தை "விழுந்ததாக வைத்துக்கொள்வோம்" என்று கையால் எடுத்துவிடுவது. முதல் அடி மரங்களுக்குள் போய்விட்டால் இன்னொரு பந்தை எடுத்து அடிப்பது. முன்தள்ளிய இடத்திலிருந்து தொடங்குவது. டிசாம்போவே ஒரு விருந்தினருடன் சேர்ந்து 50-க்குக் குறைவாக முடிக்கப் பார்க்கும் வரிசை ஒன்றை நடத்துகிறார். அதில் முன்பக்கத்திலிருந்து தொடங்கி இருவரும் அடிப்பார்கள். இரண்டு பந்துகளில் எது நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்தே இருவரும் அடுத்ததை அடிப்பார்கள். தனியே மூன்றில் ஒரு முறை விழும் பட், இரண்டு பேர் முயன்றால் ஒன்பதில் ஐந்து முறை விழும். விதியை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆடுவதால் இதில் குற்றமில்லை. பார்க்க உற்சாகமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கையைக் கொண்டு விருந்தினரின் தனித்திறமையை மதிப்பிட முடியாது.

என்னைக் கேட்டால், ஒருவருடைய மிக நல்ல அடியைப் பார்க்காமல் மிக மோசமான அடியைத் தேடிப் பார்ப்பது நல்லது. வெட்டாமல் ஓடும் பகுதிகளில் அது எப்படியும் தலைகாட்டிவிடும். தேர்ந்தவரின் தவறு குழியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி விழும். சுமாரானவரின் தவறு பக்கத்துக் குளத்தில் விழும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மாலை வேளையில் புதுச்சேரித் திடல்களில் இரும்புக் குண்டுகள் 'டங்' என்று மோதும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் பெத்தாங். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில் தோன்றிய ஆட்டம். பாதங்களைத் தரையில் ஊன்றி நிற்பது என்ற பொருளில் இந்தப் பெயர் வந்தது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி போய்விட்டது, ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது. குண்டின் நிறை 650 முதல் 800 கிராம் வரை. 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் சிறு மரப்பந்துக்கு அருகே குண்டைப் போட வேண்டும்; அல்லது அங்கே கிடக்கும் எதிராளியின் குண்டை அடித்து விரட்ட வேண்டும். எறிந்த குண்டு எதிராளியின் குண்டை விரட்டிவிட்டு அதே இடத்தில் தான் நின்றுவிட்டால் அதற்குக் 'கரோ' என்று பெயர். சம நிறையுள்ள இரு பொருள்கள் நேருக்கு நேர் மோதினால் வேகத்தை மாற்றிக்கொள்ளும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பாடத்தின் செய்முறை இது. கரோ படங்களும் செல்போனில் ஏராளமாக வருகின்றன, ஒன்றுகூடத் தவறாமல்!

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்தே திடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். பத்து எறிந்தால் தனக்கு மூன்றுதான் படுகிறது, படத்தில் எல்லாமே படுகிறது, எனவே தனக்கு இது வராது என்பது அவன் முடிவு. சிறுவர்கள் ஆட்டத்தை விடுவதற்கு எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கலாம்; கணக்குப் பிழை அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பத்தில் மூன்று படுகிற ஒருவன் தினம் 20 எறிகள் வீதம் ஒரு மாதம் எறிந்தால் 600 எறிகள். அந்த 600-இல் எங்காவது ஓரிடத்தில் ஐந்து எறிகள் தொடர்ந்து பட்டிருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். அந்த ஐந்தை மட்டும் வெட்டி எடுத்து வெளியிட்டால் அவனும் ஒரு சூரன்தான். இன்னொன்றும் கண்டோம். நாள்தோறும் அவனுக்குச் சராசரியாக ஆறு எறிகள் படும். ஆனால் திறமை துளியும் மாறாமலே, ஒன்பது நாளைக்கு ஒரு நாள் 9 அல்லது அதற்கு மேலும் படலாம். அதேபோல் ஒரு நாள் 3 அல்லது அதற்குக் கீழும் இறங்கலாம். ஒரு நாளைய எண்ணைக் கண்டு குதிப்பதற்கும் இல்லை, கூனுவதற்கும் இல்லை. "அப்ப மூணுங்கிறது மோசமில்லையா சார்?" என்றான். மோசமா இல்லையா என்பது ஒரு மாதம் எண்ணிய பிறகு தெரியும் என்றேன். இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறான்.

பெத்தாங்கில் இதற்கென்றே முறையான சோதனை இருக்கிறது. துல்லிய எறிப் போட்டி என்பார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இலக்கை வைப்பார்கள். ஐந்து விதமான அமைப்புகள். ஒவ்வொன்றிலும் 6, 7, 8, 9 மீட்டர் தூரங்களிலிருந்து ஒவ்வோர் எறி. ஆக 20 எறிகள். ஓர் எறிக்கு 0, 1, 3, 5 என்று புள்ளிகள், உச்சம் 100. இருபதும் கணக்கில் சேரும், எதையும் ஒதுக்க முடியாது. கோல்ஃபின் ஹேண்டிகேப்பைவிட இது கண்டிப்பானது என்று சொல்லலாம்.

செல்போனையும் இதில் நல்ல வேலைக்குப் பயன்படுத்தலாம். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படங்கள் பதிவாகின்றன. கோல்ஃப் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் பாய்ந்துவிடும். வெள்ளைக் கோடுதான் தெரியும். பெத்தாங் குண்டோ, 8 மீட்டர் தூரத்துக்கு 45 டிகிரியில் வீசினால் வினாடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில்தான் போகிறது. ஒரு படத்துக்கு 28 சென்டிமீட்டர். காற்றுத்தடையோ குண்டின் எடையில் சுமார் ஒரு சதவீதம். பாடப்புத்தகத்துப் பரவளையம் அப்படியே கிடைக்கும்.

செய்து பார்க்க விரும்புபவர்கள் போனை எறிபவரின் பக்கவாட்டில், பாதையிலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி, அசையாமல் நிறுத்துங்கள். குண்டு செல்லும் தளத்திலேயே ஒரு மீட்டர் கோலை நட்டுவையுங்கள். முன்னால் நட்டால் அளவு தவறிவிடும். படம் படமாக நகர்த்திக் குண்டின் இடத்தை வரைபடத் தாளில் குறியுங்கள். கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் இருபது எறிகளுக்குத் தனித்தனியே கண்டுபிடியுங்கள். பட்ட எறிகளில் வேகம் எவ்வளவு மாறுகிறது, படாதவற்றில் எவ்வளவு மாறுகிறது, எந்தக் கோணத்தில் சிறு பிழை குறைந்த சேதம் செய்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தூரம், வெயில், தரையின் ஈரம், பட்டதா இல்லையா எல்லாவற்றையும் எழுதுங்கள். போன் ஓடாதபோது எறிந்த எறிகளையும் சேர்த்து.